மலைப் புளிக்குக் கடன் ஆனி மாதத்தில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைவாழ் பெண்களுக்குத் தையல் பயிற்சி, காளான் வளர்ப்புப் பயிற்சி, சோப்பு தயாரிக்கும் பயிற்சி என்று மாவட்டச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறேன். சித்தேரி மலையில் எங்கள் மகளிர் குழுவிலும் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே கை பழகிய வேலையில் வர வேண்டிய பணமே எங்களுக்கு வந்து சேரவில்லை. அந்த வேலை புளி.

எங்களுக்குக் கொல்லை ஓரத்திலும் புளியமரம் உண்டு, காட்டிலும் உண்டு. காய் பழுத்து உலுக்குவது தை கடைசியில் தொடங்கி பங்குனி வரை போகும். விலை பேசுவது மட்டும் அப்போது இல்லை. வைகாசி, ஆனியில் மரம் பூக்கும்போதே பேசி முடித்துவிடுவார்கள். அந்த நேரம்தான் பள்ளிக்கூடம் திறக்கும். நோட்டு, செருப்பு, விடுதிக்குப் போகும் பிள்ளைக்குப் பெட்டி என்று செலவு வரிசையாக நிற்கும். போன வருஷத்துச் சாமை தீர்ந்திருக்கும், புதிதாக விதைக்கவும் பணம் வேண்டும். கீழிருந்து வியாபாரி வருவார், பூவைப் பார்த்து ஒரு தொகை சொல்வார், பாதியைக் கையில் கொடுப்பார். அவ்வளவுதான், அடுத்த பங்குனிப் புளி அவருடையது. மழை கூடிக் காய்ப்பு குறைந்தால் பாக்கி நம் கணக்கில் ஏறும். காய்ப்பு நன்றாக இருந்தால் லாபம் அவருக்கு.

வியாபாரியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஜீப் வாடகைக்குப் பணம் தருபவரும் அவர்தான். வேறு யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நஷ்டம் விலையோடு முடிவதில்லை. 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும் கிடைக்கும். கொட்டைக்கும் விலை உண்டு, நூலுக்குக் கஞ்சி போட அதன் மாவு போகிறது. முழுக் காயாக எடை போட்டுக் கொடுத்துவிட்டால் கொட்டைக் காசும் போச்சு, உடைக்கிற கூலியும் போச்சு. அதே புளியைக் கீழே சமவெளியில் இருக்கும் பெண்கள் கிலோ கணக்கில் கூலிக்கு உடைக்கிறார்கள், அவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் நிற்பதில்லை. அப்புறம் அது குளிர்பதனக் கிடங்குக்குப் போகும். புளி வெளியில் கிடந்தால் மழைக்காலத்தில் கறுத்துவிடும், குளிரில் வைத்தால் நிறம் நிற்கும். விலை ஏறும்வரை காத்திருக்க வியாபாரிகளால் முடிகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் முடியாது.

இதற்கெல்லாம் சட்டமும் திட்டமும் இல்லாமல் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் புளி போன்ற சிறு வனப் பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் எங்களுக்கு உரிமை தருகிறது. 2012-ல் திருத்திய விதிப்படி, அதைக் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே தரலாம், வண்டியிலும் ஏற்றலாம். தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா கொடுப்பது 2008-ல் வந்த நீதிமன்ற உத்தரவால் தடைப்பட்டு, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் நகர்ந்தது. சரி, அந்த வருஷங்கள் போகட்டும். 2020-ல் மத்திய அரசு கொட்டையுள்ள புளிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைக் கிலோ 36 ரூபாயாக உயர்த்தியது. எங்கள் ஊருக்குத் தராசோடு வந்து அந்த விலைக்கு எடுத்தவரை நான் பார்த்ததில்லை. வனப் பொருளைப் பக்குவப்படுத்தி விற்க மத்திய அரசு உதவும் வன் தன் மையம் வேண்டுமென்றால் இருபது பேர் கொண்ட 15 குழுக்கள், ஆக 300 பேர் சேர வேண்டும் என்கிறார்கள். மலையில் ஒரு ஊர் என்பது சில சமயம் முப்பது வீடு. அடுத்த ஊருக்கு ஓடை தாண்டிப் போக வேண்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் ஆனி மாதத்தில் மரத்தின் பேரில் ஒரு சிறு கடன் தரட்டும். பத்திரம் கேட்க வேண்டாம், குழு பொறுப்பேற்கும். மாசி, பங்குனியில் அதே சங்கம் மலையிலேயே எடை போட்டு, கடனைக் கழித்துக்கொண்டு மீதியை அன்றே கொடுக்கட்டும். வங்கிக் கணக்கில் பிறகு ஏறும் என்றால் நாங்கள் பழையபடி வியாபாரியிடம்தான் போவோம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பொருளை வைத்து வாங்கும் பொருளீட்டுக் கடன் நல்ல ஏற்பாடுதான். மூட்டையைக் கீழே இறக்கும் வண்டி வாடகையை யார் தருவது?

ஆம்பிளைகள் ஊரில் நிற்காமல் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போவதற்கும் இதில் பங்கு உண்டு. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி அந்த மாநிலப் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் எங்கள் மாவட்டத்து மலைக்காரர்களும் இருந்தார்கள். 1992-ல் எங்கள் மாவட்டத்து வாச்சாத்தியில் மலைவாழ் மக்களை வனத்துறையினரும் போலீசாரும் கொடுமைப்படுத்திய வழக்கில் 2023-ல் தீர்ப்பு சொன்ன உயர் நீதிமன்றமும் அந்த ஊர் மக்களின் பிழைப்பை மேம்படுத்த என்ன செய்தீர்கள் என்று அரசிடம் அறிக்கை கேட்டது. அதிகாரிகள் அந்தக் கேள்வியை மற்ற மலை ஊர்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இதைப் பற்றி எழுத உங்கள் செய்தியாளரை அனுப்புவதாக இருந்தால் ஆனியில் அனுப்புங்கள். பங்குனியில் வந்தால் புளி உலுக்குவதைப் படம் எடுக்கலாம், விலை பேசுவதைப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
மகளிர் குழுப் பொருளாளர் ஒருவர்,
சித்தேரி மலை, தருமபுரி மாவட்டம்