மெட்ஜுகோரே கமிஷன் ரிப்போர்ட்டை வாடிகன் வெளியிடணும்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

மெட்ஜுகோரே மாதா காட்சிக்கு வாடிகன் அங்கீகாரம் கொடுத்துடுச்சுன்னு 2024 செப்டம்பர்ல இருந்து பத்திரிகையிலயும் யூடியூப்லயும் திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. எங்க பங்குல பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேர்ந்து ஜெபிக்கிற அன்பியம்ங்கிற குழுவோட வாட்ஸ்அப் குரூப்ல மாசாமாசம் 25ஆம் தேதி ஆனா "மாதா கொடுத்த செய்தி"ன்னு ஒரு ஃபார்வர்டு வரும், அதுக்குக் கீழ யாராவது ஒருத்தர் "இது போப்பே ஒத்துக்கிட்டது, சந்தேகப்படுறது பாவம்"னு எழுதுவாங்க. போப் அப்படி ஒத்துக்கவே இல்ல. சந்தேகப்படுறது பாவமும் இல்ல. இதை யாராவது தெளிவா எழுதுவாங்கன்னு பார்த்தேன், எழுதல, அதனாலதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாயிடுச்சு, முடிஞ்சா வெட்டாம போடுங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். போஸ்னியா ஹெர்சகோவினால மெட்ஜுகோரேன்னு ஒரு சின்ன ஊர், அப்போ யுகோஸ்லாவியா, கம்யூனிஸ்ட் ஆட்சி. 1981 ஜூன் 24ஆம் தேதி அங்க மலைப்பக்கம் மாதாவைப் பார்த்தோம்னு சொன்னாங்க, மறுநாள்ல இருந்து ஆறு பிள்ளைங்கன்னு நிலைச்சுப்போச்சு, பத்து வயசுல இருந்து பதினாறு வயசு வரைக்கும். போலீஸ் விசாரணை நடந்துச்சு, பங்குச்சாமியாரா இருந்த ஃபிரான்சிஸ்கன் சபை ஃபாதரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க, ஆனாலும் கூட்டம் குறையல. இன்னைக்கு வரைக்கும் அந்த ஆறு பேர்ல மூணு பேர் தினமும் காட்சி வருதுன்னு சொல்லிட்டிருக்காங்க. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒவ்வொருத்தருக்கும் பத்து ரகசியம் கொடுக்கப்படும்னு வேற சொல்றாங்க.

இப்போ 2024 செப்டம்பர் 19ஆம் தேதி என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். வாடிகனோட விசுவாசக் கோட்பாட்டுத் துறையோட தலைவர் கர்தினால் ஃபெர்னாண்டஸ், போப் பிரான்சிஸ் ஒப்புதலோட ஒரு குறிப்பு வெளியிட்டாரு. அதுல கொடுத்த தீர்ப்பு "நிஹில் ஒப்ஸ்தாத்", அதாவது மெட்ஜுகோரேயோட சேர்ந்த பக்தி முயற்சிக்கு தடை ஏதும் இல்ல, போங்க, ஜெபமாலை சொல்லுங்க, பூசை காணுங்க, நல்லது. அவ்வளவுதான். மாதா உண்மையிலேயே வந்தாங்களான்னு அந்தக் குறிப்பு சொல்லல, சொல்லப்போறதும் இல்லன்னு அதுலயே எழுதியிருக்கு. செய்திகளைக்கூட மாதா சொன்னதா கருதப்படுற செய்திகள்னுதான் எடுத்துக்கணும்னு இருக்கு. இன்னொண்ணும் இருக்கு, இதை நம்ம ஆளுங்க யாரும் ஃபார்வர்டு பண்றதே இல்ல. யாத்திரை போறது காட்சி கண்டதா சொல்றவங்களைப் பார்க்குறதுக்கு இல்ல, மாதாகிட்ட ஜெபிக்கிறதுக்குன்னு தெளிவா போட்டிருக்காங்க. சில செய்திகள்ல "என் செய்தியைக் கேளுங்க, என் திட்டத்துக்கு ஒத்துழைங்க"ன்னு அளவுக்கு மீறி வலியுறுத்துறதையும் குறையா எடுத்துச் சொல்லி, மாதாவை இயேசுவோட இடத்துல வைக்கிற மாதிரி ஆயிடக்கூடாதுன்னு எச்சரிக்கிறாங்க.

இந்தத் தீர்ப்பு எங்க இருந்து வந்துச்சுன்னா, இந்த மாதிரி காட்சிகளை எப்படி விசாரிக்கணும்னு அதே வருஷம் மே 17ஆம் தேதி வந்த புது விதிமுறையில இருந்து. அதுக்கு முன்னாடி 1978 விதிமுறை இருந்துச்சு, அதுல ஆயர் (பிஷப்) விசாரிச்சு இது கடவுளிடமிருந்து வந்ததுதான்னு சொல்லலாம், இல்லன்னு சொல்லலாம், இதுவரை உறுதியாகலன்னும் சொல்லலாம். புது விதியில ஆறு வகை தீர்ப்பு வச்சிருக்காங்க, அதுல அதிகபட்சமே இந்த தடையில்லைங்கிறதுதான். "ஆமா, மாதா வந்தாங்க"ன்னு சொல்ற தீர்ப்பு அந்தப் பட்டியல்லயே இல்ல, போப்பே விரும்பினா மட்டும் விதிவிலக்கா செய்யலாம். உள்ளூர் ஆயரும் எதையும் வெளியிடுறதுக்கு முன்னாடி வாடிகன்கிட்ட ஒப்புதல் வாங்கியாகணும்.

ஏன் மாத்துனாங்கன்னு எனக்குப் புரியுது, நியாயமும் இருக்கு. 1950க்கு அப்புறம் அதிகாரபூர்வமா முடிவு சொன்ன கேஸ் ஆறுக்கு மேல இல்லன்னு அந்த விதிமுறையோட முன்னுரையிலயே சொல்லியிருக்காங்க. உலகம் முழுக்க எத்தனை ஊர்ல சிலை அழுதுச்சு, காட்சி வந்துச்சுன்னு கேள்விப்படுறோம், அதுல ஆறுதான். அது போக ஆம்ஸ்டர்டாம் கேஸ் மாதிரி குழப்பம். 1945ல இருந்து 1959 வரைக்கும் ஒரு பெண்ணுக்கு அங்க காட்சி வந்ததா சொன்னாங்க, அந்த மறைமாவட்டத்து (ஒரு ஆயரோட பொறுப்புல இருக்கிற பகுதி) ஆயர் உறுதியாகலன்னாரு, 1974ல வாடிகன் இது தெய்வீகமானது இல்லன்னு முடிவு பண்ணுச்சு, 2002ல அதே மறைமாவட்டத்துக்கு வந்த இன்னொரு ஆயர் உண்மைதான்னு அறிவிச்சுட்டாரு, கடைசியில 2024 ஜூலைல பழைய 1974 தீர்ப்பை வாடிகன் வெளியிட்டு முடிச்சு வச்சுது. நடுவுல எத்தனை குடும்பத்துல அந்தக் காட்சி மாதாவோட படத்தை மாட்டி ஜெபிச்சிருப்பாங்க. இந்தக் குழப்பம் இனி வேண்டாம்னு வாடிகன் நினைச்சதுல தப்பே இல்ல.

ஆனா மெட்ஜுகோரே விஷயத்துல இந்த "உண்மையா இல்லையான்னு சொல்லமாட்டோம்"ங்கிற நிலைப்பாட்டை என்னால ஏத்துக்க முடியல. ஏன்னா அங்க விசாரணை நடக்காம இல்ல, நடந்து முடிஞ்சாச்சு.

போப் 16ஆம் பெனடிக்ட் 2010ல கர்தினால் ருயினி தலைமையில ஒரு கமிஷன் போட்டாரு. நாலு வருஷம் வேலை பார்த்து 2014 ஜனவரில முடிச்சாங்க. அந்த ரிப்போர்ட்டை வாடிகன் அதிகாரபூர்வமா வெளியிடவே இல்ல, ஆனா அதுல இருந்த முக்கியமான விஷயம் 2017ல இத்தாலி பத்திரிகைகள் வழியா வெளிய வந்துச்சு. முதல் ஏழு காட்சி, அதாவது 1981 ஜூன் 24ல இருந்து ஜூலை 3 வரைக்கும் நடந்தது, தெய்வீகமானதுதான்னு 13 பேர் ஓட்டு போட்டிருக்காங்க, ஒருத்தர் எதிர்த்திருக்காரு, ஒருத்தர் முடிவு சொல்லாம ஒத்திவச்சிருக்காரு. அதுக்கு அப்புறம் வருஷக்கணக்கா நடக்கிறதா சொல்ற காட்சிகளைப் பத்தி அவங்களுக்கு இந்த உறுதி இல்ல. போப் பிரான்சிஸும் 2017 மே மாசம் ஃபாத்திமாவுல இருந்து திரும்புறப்போ விமானத்துல பத்திரிகைக்காரங்ககிட்ட இதே பிரிவைத்தான் சொன்னாரு. ஆரம்பத்துல நடந்ததை இன்னும் ஆராயணும், இப்போ நடக்கிறதா சொல்றதைப் பத்தி எனக்கு சந்தேகம் இருக்கு, மாதா நமக்கு அம்மா, தினமும் குறிச்ச நேரத்துக்கு செய்தி அனுப்புற தந்தி ஆபீஸ் தலைவி இல்லன்னு வெளிப்படையா பேசினாரு.

எனக்கு இதுதான் இந்த விவகாரத்துலயே ரொம்ப நேர்மையான பதிலா தெரியுது. முழுசா நம்பு, இல்லன்னா முழுசா தூக்கிப்போடுன்னு ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போடுற இடத்துல, முதல் பத்து நாளை தனியா பாரு, மிச்சத்தை தனியா பாருன்னு சொல்ற கமிஷன் அது. அந்தப் பிள்ளைங்க அன்னைக்கு பயந்து ஓடினது, போலீஸ் மிரட்டியும் சொன்னதை மாத்தாதது, யாரும் சொல்லிக் கொடுத்து செய்யாதது, இதெல்லாம் ஒரு பக்கம். அதுக்குப் பின்னாடி பல வருஷமா குவிஞ்ச ஆயிரக்கணக்கான செய்திகள் வேற பக்கம். ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டி தடையில்லைன்னு முத்திரை குத்தினா ஜனங்க எல்லாத்தையும் சேர்த்துதான் நம்புவாங்க, நம்பிட்டுத்தான் இருக்காங்க.

இது முடியாத காரியம் இல்ல, சபையே செஞ்சு காட்டியிருக்கு. அதே 1981 நவம்பர்ல ருவாண்டாவுல கிபேஹோங்கிற ஊர்ல ஒரு பெண்கள் ஸ்கூல்ல மாணவிகளுக்கு மாதா காட்சி வந்துச்சு. போகப் போக நிறைய பேர் எனக்கும் வந்துச்சுன்னு கிளம்பிட்டாங்க. அந்த ஊர் ஆயர் மிசாகோ பொறுமையா விசாரிச்சு 2001 ஜூன் 29ஆம் தேதி தீர்ப்பு சொன்னாரு, முதல்ல பார்த்த மூணு பெண்களோட காட்சி மட்டும் நம்பத்தகுந்தது, மத்தவங்க சொன்னதை ஏத்துக்கல. இதனால கிபேஹோவுல பக்தி குறைஞ்சு போகல, அது இன்னைக்கும் ஆப்பிரிக்காவோட பெரிய மாதா திருத்தலம். லூர்துல 1858ல காட்சி, 1862லயே டார்ப் ஆயர் தீர்ப்பு சொல்லிட்டாரு. ஃபாத்திமாவுல 1917, தீர்ப்பு 1930. அந்த ஆயர்கள் எல்லாம் தப்பாகிடுமோங்கிற பயம் இல்லாமலா சொல்லியிருப்பாங்க? பயந்துகிட்டேதான், ஜெபிச்சுட்டேதான், சாட்சிகளை உக்கார வச்சு கேள்வி கேட்டுத்தான் சொன்னாங்க.

மெட்ஜுகோரேல உள்ளூர் ஆயர்களோட நிலைமையையும் நினைச்சுப் பாருங்க. மெட்ஜுகோரே சேர்ந்த மோஸ்டார் மறைமாவட்டத்துக்கு ஆயரா இருந்த பாவாவோ ஜானிச் முதல்ல பிள்ளைங்க பொய் சொல்லலன்னு ஆதரவா பேசினவர்தான், பின்னாடி விசாரிக்க விசாரிக்க எதிர்த்தாரு, அவருக்குப் பின்னால வந்த ரத்கோ பெரிச்சும் கடைசி வரைக்கும் நம்பல. 1991ல ஸாதார்ல கூடின யுகோஸ்லாவியா ஆயர்கள் பேரவை, இதுவரை நடந்த விசாரணைய வச்சு இது தெய்வீகமானதுன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு அறிவிச்சுது. இதுக்கு நடுவுல ஹெர்சகோவினால ஃபிரான்சிஸ்கன் சபைக்கும் மறைமாவட்டத்துக்கும் யாரு எந்தப் பங்கைப் பார்க்கிறதுன்னு பல பத்து வருஷமா சண்டை. துருக்கியர் ஆட்சியில உயிரைக் கொடுத்து விசுவாசத்தைக் காப்பாத்தினவங்க அந்த ஃபிரான்சிஸ்கன் துறவிகள், ஜனங்க அவங்களை விட்டுக்கொடுக்க மாட்டாங்க, அது நியாயம்தான். ஆனா அந்தச் சண்டையில ரெண்டு துறவிகள் பக்கம் நியாயம், ஆயர்தான் அவசரப்பட்டுட்டாருன்னு மாதாவே சொன்னதா காட்சி கண்டவங்க சொன்னாங்கன்னு மறைமாவட்டம் எடுத்து வச்ச ஆட்சேபத்தை லேசா தள்ளிட முடியுமா? இது எனக்கு நெருடலான இடம். கமிஷன் இதை எப்படிப் பார்த்துச்சு, என்ன பதில் சொல்லுச்சுன்னு ரிப்போர்ட் வந்தாத்தானே நம்ம மாதிரி சாதாரண விசுவாசிக்குத் தெரியும்.

கனியைப் பார்த்து மரத்தை அறிவீங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு, மெட்ஜுகோரேல எவ்வளவு பேர் மனம் திரும்புறாங்க, எத்தனை பேர் சாமியார் ஆகுறாங்க, பாவசங்கீர்த்தனத்துக்கு (சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குறது) எவ்வளவு நீள வரிசை, அது போதாதான்னு கேக்குறாங்க. எங்க பங்குலயும் நல்ல மனுஷங்கதான் இதைக் கேக்குறாங்க, அவங்க பக்தியை நான் மதிக்கிறேன். அந்த வரிசையில நிக்கிறவங்களுக்குக் கிடைக்கிற அருள் உண்மை, சந்தேகமே இல்ல. ஆனா அது பாவசங்கீர்த்தனம்ங்கிற அருட்சாதனத்தோட அருள், நற்கருணையோட அருள், மலையில காட்சி நடந்தாலும் நடக்காட்டியும் அது கிடைக்கும். அதை வச்சு நேத்து சாயங்காலம் வந்த செய்தியும் மாதா வாயில இருந்து வந்ததுன்னு நிரூபிக்க முடியாது. ஆம்ஸ்டர்டாம் படத்துக்கு முன்னாடி ஜெபிச்சவங்களுக்கும் ஆறுதல் கிடைச்சிருக்கும், அதனால அந்தக் காட்சி உண்மையாகிடல.

இன்னொருத்தர் கேட்டாரு, நம்ம வேளாங்கண்ணிக்கு எந்த கமிஷன் உக்காந்து விசாரிச்சுது, அங்க மட்டும் எப்படின்னு. நல்ல கேள்வி. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி இதே கர்தினால் ஃபெர்னாண்டஸ் தஞ்சாவூர் ஆயருக்கு வேளாங்கண்ணி பத்தி ஒரு கடிதம் எழுதினாரு. வர்ற ஜனங்களோட விசுவாசத்தைப் பாராட்டி, கிறிஸ்தவங்க இல்லாதவங்களும் அங்க வந்து ஆறுதல் அடையுறதை மத கலப்புன்னு பார்க்கக்கூடாதுன்னு அன்பா எழுதியிருந்தாரு. படிச்சு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா வேளாங்கண்ணியில மாதாவைப் பார்த்ததா சொல்லப்படுற பால்காரப் பையனும் மோர் வித்த பையனும் இன்னைக்கு உயிரோட இல்ல, அவங்களைக் கூப்பிட்டு யாரும் கேள்வி கேக்க முடியாது, அங்க மாசாமாசம் புதுச் செய்தியும் வர்றதில்ல. மெட்ஜுகோரேல சாட்சிகள் உயிரோட இருக்காங்க, இப்பவும் பேசுறாங்க, அவங்க பேசுறது உலகம் முழுக்க போகுது. கேக்க ஆள் இருக்கும்போது கேக்காம விடுறதும், கேட்டு வாங்கின பதிலை அலமாரியில பூட்டி வைக்கிறதும் ஜனங்களுக்கு செய்யுற நல்லது இல்ல.

தனி வெளிப்பாட்டை, அதாவது இந்த மாதிரி தனி ஆளுங்களுக்கு வர்ற காட்சியையும் செய்தியையும், நம்பியே ஆகணும்னு கட்டாயம் இல்லன்னு திருச்சபை எப்பவுமே சொல்லிட்டு வருது, லூர்து, ஃபாத்திமாவுக்குக்கூட அதே விதிதான். அதனால நம்பாதவங்களை விசுவாசம் குறைஞ்சவங்கன்னு பேசுறதை மெட்ஜுகோரே பக்தர்கள் நிறுத்தணும். அதே மாதிரி நம்புறவங்களை ஏமாளிங்கன்னு பேசுற படிச்ச கத்தோலிக்கர்களும் நிறுத்தணும், ஏன்னா முதல் நாட்களை உண்மைன்னு சொன்ன 13 பேரும் ஏமாளிகள் இல்ல, வாடிகனே தேர்ந்தெடுத்த கர்தினால்களும் ஆயர்களும் நிபுணர்களும்தான்.

போப் 14ஆம் லியோ இப்போ பொறுப்புல இருக்காரு. ருயினி கமிஷன் ரிப்போர்ட்டை முழுசா வெளியிடுறதும், முதல் ஏழு காட்சியைப் பத்தி ஒரு தீர்ப்பு சொல்றதும் அவர் கையில இருக்கு, புது விதியும் போப்புக்கு அந்த வாசலைத் திறந்தே வச்சிருக்கு. நம்ம நாட்டு ஆயர்கள் இதை வாடிகன்கிட்ட கேக்கணும்னு உங்க பத்திரிகை வழியா வேண்டிக்கிறேன். அது வர்ற வரைக்கும் உங்க நிருபர்கள் இந்தச் செய்தி எழுதுறப்போ "வாடிகன் அங்கீகாரம்"னு தலைப்பு போடாம "பக்திக்கு தடையில்லை, காட்சி பத்தி தீர்ப்பு இல்லை"ன்னு போட்டா போதும். ஐரோப்பா யாத்திரை விளம்பரத்துல "காட்சி காண்பவரை நேரில் சந்திக்கலாம்"னு யாராவது கொடுக்க வந்தா, அந்தக் குறிப்பு என்ன சொல்லுதுன்னு அவங்களுக்கும் எடுத்துச் சொல்லுங்க.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகி