மூன்றாம் நாளையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருத்திக்கு மருந்து அடிக்கப் போன என் சித்தப்பா வாயில் நுரை தள்ளி விழுந்தார்; கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. நெஞ்சில் கரகரப்பு அடங்கும்வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி அட்ரோபின் என்ற நஞ்சுமுறிவு ஊசி போட்டார்கள். சரி, பிழைத்துவிட்டார் என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் மூச்சுத் திணறல். வென்டிலேட்டர்தான் காப்பாற்றியது.

ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகை நஞ்சால், முதல் பாதிப்பு அடங்கிய பிறகு தசைகள் வலுவிழக்கும் இந்த இடைக்காலத் தளர்ச்சியை 1987-லேயே இலங்கை மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள். ஆகவே, நோயாளி தெளிந்ததுமே வீட்டுக்கு அனுப்பாமல் நான்கைந்து நாளாவது கண்காணிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அட்ரோபின் தீராமல் இருக்க வேண்டும்.

வயலில் யாராவது விழுந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நனைந்த உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

– ஒரு விவசாயி மகள், பெரம்பலூர்