நாலு பேர் வந்து போன பட்டறையிலிருந்து ஒரு திறந்த மடல்

கால், ரப்பர், கூலி, வடிவமைப்பு என்று ஏதாவது ஒன்றைப் பற்றி ஆய்வு செய்யும் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் வேலூர் மாவட்டத்தில் உணர்ச்சி இல்லாத கால்களுக்குச் செருப்பு தைக்கிறவன். தொழுநோயாலோ சர்க்கரையாலோ கால் மரத்துப்போனவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். அதற்கு முன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் கட்டிங்கில் இருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்பு. மடலில் பிழை இருந்தால் எங்கள் தமிழாசிரியர் மேல் பழி போடாதீர்கள், அவர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்.

என் பட்டறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கடந்த ஏழெட்டு வருடத்தில் அந்த அறைக்கு உங்களில் நாலு பேர் வந்து போயிருக்கிறார்கள். முதலில் வந்தவர் வேதியியல். ரப்பர் ஷீட்டில் விரல் அகலத்துக்குப் பத்துத் துண்டு வெட்டித் தரச் சொல்லி, ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, தேதி எழுதி எடுத்துப் போனார். அடுத்த வருடம் சமூகப்பணித் துறையிலிருந்து ஒரு பெண் வந்தார். நாள் கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை, கடன் உண்டா என்று நாற்பத்திரண்டு கேள்வி. "உங்கள் தொழிலில் எவ்வளவு திருப்தி? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்" என்று அதில் ஒன்று. மூன்று என்றேன். மூன்று சொன்னால் யாருக்கும் வம்பில்லை. மூன்றாவதாக வந்தவர் பிசியோதெரபி மாணவர். செருப்பு வாங்கியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண் ஆறியதா, திரும்ப வந்ததா என்று எழுதினார். கடைசியாக ஒரு வடிவமைப்பு மாணவி. மூன்று நாள் உட்கார்ந்து என் கை, கத்தி, குத்தூசி, டீ கிளாஸ் வரைக்கும் படம் பிடித்தார்.

நாலு பேரும் நல்ல பிள்ளைகள். ஆனால் நாலு பேரும் ஆய்வு செய்தது ஒரே செருப்பை. ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. நாலு பேரையும் பார்த்த ஒரே ஆள் நான்தான், எனக்கோ எந்த ஆய்வின் முடிவும் தெரியாது. யாரும் திரும்பி வரவில்லை.

சரி, அதனால் என்ன கெட்டுப்போனது என்று கேட்பீர்கள்.

என்னிடம் வரும் ஆயா ஒருவருக்கு எழுபது வயது இருக்கும். தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிருமி போய்விட்டது, போன உணர்ச்சி திரும்பவில்லை. வலது கால் பெருவிரலுக்குக் கீழே மேடான இடத்தில் புண் வரும், ஆறும், மறுபடி வரும். அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்ணறை ரப்பர் ஷீட் வைத்த மெத்தென்ற செருப்பு, தைத்துக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து வந்தபோது செருப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிச்சோலில் ஒரு கீறல் இல்லை. குதிகால் ஓரம் தேயவே இல்லை.

"தெனமும் போடறீங்களா ஆயா?"

"போடாம? தெனமும்தான்."

பிசியோதெரபி மாணவரின் படிவத்திலும் 'தினமும் அணிகிறார்' என்ற கட்டத்தில்தான் டிக் இருந்தது. பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். சோல் பொய் சொல்லாது. கொஞ்ச நேரம் வேறு கதை பேசிவிட்டு மறுபடி கேட்டதும் சொன்னார். வீட்டிலிருந்து கடையில் வாங்கிய ரப்பர் செருப்பில்தான் கிளம்புகிறாராம். என் செருப்பு மஞ்சப்பையில் வருகிறது. மருத்துவமனைக்கு எதிரில் இருக்கும் புளியமரத்தடியில் உட்கார்ந்து மாற்றிக்கொள்கிறார். திரும்பும்போது அதே மரத்தடி.

"இத போட்டுக்கினு ஊருக்குள்ள நடந்தா, இன்னா நோவுன்னு கேக்கறாங்க தம்பி. பேத்தியப் பொண்ணு பாக்க வராங்க."

இப்போது படிவத்தை மட்டும் வாசிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். தினமும் அணிகிறார், புண்ணும் வருகிறது. அப்படியானால் ஷீட் சரியில்லை என்றுதானே முடிவுக்கு வருவார்? அந்தச் செருப்பு மஞ்சப்பையில் இருந்தது என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை.

அந்தச் செருப்பின் தோற்றத்துக்குக் காரணங்கள் உண்டு. விரலிடுக்கு வார் கிடையாது, அது உரசி உரசிப் புண்ணாக்கும். ஆணி அடிப்பதில்லை. ஆணி மேலே ஏறினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. பின்னால் வார் வேண்டும், இல்லாவிட்டால் கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போவார்கள். மடங்கிப்போன விரலால் பக்கிள் மாட்ட முடியாது என்பதால் வெல்க்ரோ. எல்லாம் சேர்ந்து தடித்த கறுப்புச் செருப்பாகி, பத்தடி தள்ளி நிற்பவருக்கும் 'இன்னார்' என்று காட்டிக்கொடுக்கிறது. வடிவமைப்பு மாணவி போனில் வரைந்து காட்டிய செருப்பு உண்மையிலேயே அழகு, ஆயா பார்த்தால் பேத்தி கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு போவார். ஆனால் அதில் விரலிடுக்கு வார் இருந்தது. பிசியோதெரபி மாணவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் நிறுத்தியிருப்பார். இருவரும் வந்தது ஒரே வருடம், மூன்று மாத இடைவெளியில்.

இந்தச் செருப்பின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளியின் சதை அழுகும் சதை, அதில் புண் ஆறாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. சதையில் கோளாறு இல்லை, வலி தெரியாததால் ஒரே இடம் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்று காட்டினார் அவர். நமக்குச் செருப்பு கடித்தால் நாமே அறியாமல் நடையை மாற்றி வைக்கிறோம். கால் மரத்தவர் அதே புள்ளியில் அதே பாரத்தை ஆயிரமாயிரம் தடவை இறக்குகிறார், அவ்வளவுதான். நோயாளிகள் தங்கிய குடிசைகளில் சிலருக்கு இரவில் விரல் குறைந்தது. காவல் இருந்து பார்த்தபோது எலி கடித்துத் தின்பது தெரிந்தது. அப்புறம் ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். படிவம் கொடுத்துக் கேட்டிருந்தால் பதிலில் எலி வந்திருக்காது.

வேலூருக்குப் பக்கத்தில் 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவரும், ரப்பர் கலக்கத் தெரிந்தவரும், செருப்பு தைப்பவரும் ஒரே வளாகத்தில் வேலை செய்தார்கள். தைத்தவர்களில் நோயிலிருந்து மீண்டவர்களும் உண்டு. செருப்பு அவர்கள் காலுக்கு மருந்து, அவர்கள் கைக்குக் கூலி. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போன பிறகும், அழுத்தம் கூடும் இடத்தில் உடைந்து சாயம் காட்டும் நுண்குமிழிகள் பதித்த காலுறையைச் செய்து பார்த்தார். அது வேதியியலா, வைத்தியமா, வடிவமைப்பா? எந்தத் துறைத் தலைவர் அந்த ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இன்று வாசல்கள் தனித்தனி. ரப்பர், தோல் என்றால் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். வழி, சென்னையில் 1948 முதல் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அதன் கீழ்தான். புண் என்றால் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எம்.ஆர். கூலி என்றால் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு. வடிவமைப்புக்கு வேறு கதவு. காலோ ஒன்றுதான்.

ஷீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ரப்பரில் வாயு விடும் ரசாயனத்தைக் கலந்து சூட்டில் அழுத்தினால், உள்ளே லட்சக்கணக்கான சின்ன மூடிய அறைகள் உண்டாகும். இட்லிமாவு பொங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினத்தை அளக்கும் ஷோர் மீட்டரில் 15 காட்ட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. மலிவு ஷீட் அதைவிடக் கல்லாக இருக்கும். என்னிடம் மீட்டர் இல்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மீட்டர். ஆனால் புது ஷீட்டின் மென்மை மட்டும் போதாது. மூட்டை தூக்குகிறவர் காலடியில் அந்த அறைகள் எத்தனை மாதத்தில் நசுங்கித் தட்டையாகின்றன என்பதுதான் எனக்கு வேண்டிய விடை. அதை ஆய்வகத்தில் வைத்த துண்டு சொல்லாது, ஆயிரம் கிலோமீட்டர் நடந்த துண்டுதான் சொல்லும். அது இருக்கும் இடம் பிசியோதெரபி மாணவர் போன வீடுகள். இன்னொன்று: ரப்பரைச் சீக்கிரம் வேகவைக்கச் சேர்க்கும் சில பொருள்கள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். மரத்த காலுக்கு அரிப்பும் தெரியாது.

இனி நான் உண்மையில் எழுத வந்ததுக்கு வருகிறேன். பசை. நாங்கள் சொல்யூஷன் என்போம்.

சோலும் ஷீட்டும் வாரும் ஒட்டுவது அதில்தான். கடையில் பெரிய டின்னிலிருந்து பிளாஸ்டிக் கேனில் ஊற்றித் தருவார்கள், கேனில் ஒரு எழுத்து இருக்காது. மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டினால் சாயங்காலம் தலை கனக்கும். என்னோடு வேலை செய்யும் அக்காவுக்குப் போன வருடம் இரண்டு பாதமும் மதமதவென்று ஆனது. மருத்துவமனையில் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. தோலில் தொழுநோய்த் தேமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. நைலான் இழையை வளைய அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார்கள், சில இடத்தில் தெரியவில்லை. சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள், என்ன பசை என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஹெக்சேன் என்ற கரைப்பான் உடலுக்குள் மாறி, கை கால் நுனி நரம்புகளைக் கெடுக்கும் என்பது 1960-களில் ஜப்பானில் வீட்டிலிருந்தபடி செருப்பு ஒட்டியவர்களிடமே தெரிந்துவிட்டது. பென்சீன் கலந்த பசையால் இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளிகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததை அங்கிருந்த மருத்துவர் அக்சோய் 1974-இல் எழுதினார். புதிய செய்தி எதுவும் இல்லை. மரத்துப்போன காலுக்குச் செருப்பு செய்கிறவரின் காலே அந்தச் செருப்பின் பசையால் மரத்துப்போக முடியும் என்பதை என் அறைக்கு வந்த நாலு பேரில் ஒருவரும் படிவத்தில் வைக்கவில்லை. வேதியியல்காரர் ஷீட்டைத்தான் எடுத்துப் போனார், கேனைத் தொடவில்லை. பிசியோதெரபி மாணவர் அக்காவைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்.

தண்ணீரில் கரைந்த பசை இருக்கிறதே என்பீர்கள். தெரியும், ஷூ கம்பெனியில் பார்த்திருக்கிறேன். அது காய நேரம் ஆகும், சூடு காட்டி எழுப்ப வேண்டும், அதற்கு ஒரு அடுப்புப் பெட்டி வேண்டும். அக்காவுக்குக் கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று. பசை காயும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? வேதியியலில் விடை கிடைத்த கேள்வி கூலியில் வந்து நிற்கிறது. திருப்தி ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்று கேட்ட பெண் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், அவருக்கு மூன்று என்று பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

இது சின்னப் பட்டறையின் சின்ன விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2005 முடிவில் தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக நாடு அறிவித்தது. அதன் பிறகும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வே 2023-இல் சொன்னது. அவர்களில் எல்லாருக்கும் கால் மரக்காது, ஆனால் மரக்கிறவர்களுக்கு இந்தச் செருப்புதான். இதை ஒட்டப்போகிற கைகளும் கூடத்தான் போகின்றன.

ஆகவே என் கோரிக்கை இது. அடுத்த முறை நிதி ஒதுக்கும்போது ஒரு ஜோடி செருப்பை எடுத்துக்கொண்டு, ரப்பர் கலக்கும் இடத்திலிருந்து புளியமரத்தடி வரைக்கும் பின்தொடரும் ஒரே ஆய்வுக்குக் கொடுங்கள். நாலு துறையும் அதில் கையெழுத்துப் போடட்டும். 'எத்தனை ஜோடி வழங்கப்பட்டது' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, எத்தனை ஜோடி தேய்ந்தது என்று கேளுங்கள். ஒட்டுகிறவரின் காலிலும் அந்த நைலான் இழையை வைத்துப் பாருங்கள். கேள்வி கேட்டு எங்கள் அரை நாளை எடுத்தால் அரை நாள் கூலி கொடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முடிந்ததும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள். அக்கா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் வாசித்துவிடுவார்.

திங்கள்கிழமை நான் மருத்துவமனை கிளினிக்கில் அளவெடுக்கப் போய்விடுவேன். மற்ற நாளில் காலை ஒன்பதிலிருந்து பட்டறை திறந்திருக்கும். ஆயா செவ்வாய்க்கிழமைகளில் வருவார். நாலு பேரும் சேர்ந்து வந்தால் உட்கார இடம் போதாது, வெளியே பெஞ்சு போட்டுக்கொள்ளலாம். ஷோர் மீட்டர் இருந்தால் எடுத்து வாருங்கள். மூடி இறுக்கமாக இருக்கும் காலிக் கண்ணாடிக் குப்பி ஒன்றும் வேண்டும். கேனிலிருந்து கொஞ்சம் சொல்யூஷன் ஊற்றித் தருகிறேன், அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செருப்பு தைக்கும் ஒருவன்,
வேலூர் மாவட்டம்