ஒரே விடியலில் ஊசி போடுவோம்: எங்கள் ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், நம் ஊரில் கோழி வளர்க்கும் எல்லா வீட்டாருக்கும்,

வணக்கம்.

பங்குனி பிறந்ததிலிருந்து நம் ஊரில் சேவல் கூவும் சத்தம் குறைந்துபோனதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கீழத்தெருவில் என் வீட்டில்தான் முதலில் வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழி நோய் விழுந்தது. 36 கோழிகள் இருந்த முற்றத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு சேவல். நோய் எப்படி வந்தது, என் கையிலிருந்து அடுத்த தெருவுக்கு எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துக்கொண்டு உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

மாசிக் கடைசியில் சந்தையில் மூன்று வெடைக்கோழிகள் வாங்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் கால்கட்டை அவிழ்த்து மற்றக் கோழிகளோடு மேயவிட்டேன். மூன்று வாரமாவது தனியாக அடைத்து வைத்திருக்க வேண்டும். கிருமி உடலில் புகுந்தபின் 2 நாளிலும் நோய் தெரியலாம், 15 நாள் வரை தெரியாமலும் இருக்கலாம். எனக்கு ஆறாம் நாள் தெரிந்தது. ஒரு வெடை தீனிக்கு வராமல் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றது. மறுநாள் எச்சம் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போனது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. காலைப் பிடித்துத் தூக்கினால் வாயிலிருந்து புளித்த நீர் ஒழுகியது. குஞ்சுகளுக்குக் கழுத்துத் திருகிக்கொண்டது. தீனியைக் கொத்தினால் அலகு வேறெங்கோ போய் விழுந்தது. 11 முட்டைகளோடு அடையில் இருந்த சிறுவிடைப் பெட்டை, முட்டையை விட்டு எழாமலே செத்துக் கிடந்தது. அந்தக் காலையை என்னால் மறக்க முடியவில்லை.

சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி அரைத்து உருட்டி ஊட்டினேன். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைத்தேன். சாவு நிற்கவில்லை. இது வைரஸால் வரும் நோய், வந்தபின் தீர்க்கும் மருந்து கிடையாது என்று கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார். ஒன்பது நாளில் 31 கோழிகள் போய்விட்டன.

மீதி நான்கை என்ன செய்தேன் என்பதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது. நான்காம் நாள், இன்னும் தெளிவாக நின்ற நான்கு கோழிகளை, கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதே கூடையோடு மேலத்தெருவில் இரண்டு வீடுகளில் நின்று கோழி வாங்கியிருக்கிறார். பத்து நாள் கழித்து அந்தத் தெருவிலும் சீக்கு விழுந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கோழியைக் கொடுத்தவள் நான். மேலத்தெரு அத்தையின் வீட்டுக்குப் போய் நேரிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பேத்தியின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த கோழிகள் என்று மட்டும் சொன்னார்.

இந்த நோய்க்கு ராணிக்கெட் என்று பெயர். இமயமலை அடுக்கில், இன்றைய உத்தராகண்டில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் அது; 1920களில் அங்கே கண்டறியப்பட்டது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகத் தெரிந்த நோய். தடுப்பூசியும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அப்படியிருந்தும் நம் வீட்டுக் கோழிகள் வெயில் ஏற ஏறச் சாகின்றன என்றால், குறை மருந்தில் இல்லை. அந்த மருந்தை ஊர் கூடி வாங்கிப் போடுகிற ஏற்பாடு நம்மிடம் இல்லை.

எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையடியில் போடும் ஊசிமருந்து பெரும்பாலும் 100 கோழிக்கான குப்பியாக வருகிறது. போடும் நேரம் வரை குளிரிலேயே இருக்க வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது. 15 கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காகக் குப்பியைத் திறந்தால் 85 கோழிக்கான மருந்து வீண். ஏழு வீடு சேர்ந்தால் ஒரு சொட்டு மிஞ்சாது. இன்னொன்று, என் கோழிக்கு மட்டும் ஊசி போட்டுப் பயன் குறைவு. வேலி தாண்டி மேயும் கோழி, பக்கத்து வீட்டுக் குப்பையில்தானே கிளறுகிறது?

கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இந்த ஆண்டு நம் ஊருக்கும் வந்தார்கள். நான் களையெடுப்புக்குப் போயிருந்தேன். கோழிகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. பஞ்சாரத்தைத் திறந்துவிட்டபின் நாட்டுக்கோழியை யார் பிடிப்பது? முதல்நாள் மாலையே ஒலிபெருக்கியில் சொல்லி, விடியற்காலையில் கூண்டைத் திறக்கும் முன் ஊசி போட்டால்தான் ஊர் முழுவதும் முடியும்.

பிப்ரவரியில் ஒருமுறை போட்டால் மட்டும் போதாது. நம் கோழிகள் ஆண்டு முழுவதும் அடை உட்காருகின்றன. அப்போது எட்டு வாரம் நிரம்பாத குஞ்சுக்கு அந்த ஊசி ஆகாது. சித்திரையில் பொரித்த குஞ்சு அப்போது பிறந்திருக்கவே இல்லை. சின்னக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து தனியாக உண்டு. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு விடியற்காலையைக் கோழி ஊசிக்கென்று ஒதுக்க வேண்டும் என்று மே 1 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரும்படி வேண்டிக்கொள்கிறேன். எந்த வயதுக்கு எந்த மருந்து என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு முடிவு செய்யலாம். ஊசி போட்டபின் எதிர்ப்பு சக்தி வர இரண்டு வாரம் போல ஆகும். எனவே பக்கத்து ஊரில் சீக்கு என்று கேள்விப்பட்டபின் ஓடுவதில் பயன் குறைவு.

செத்த கோழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மாதம் வாய்க்காலில் எத்தனை சாக்கு மிதந்தன என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கால்நடைத் தொற்றுநோய்களுக்கான 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், நோயால் இறந்த உடலை நீர்நிலையில் போடுவதைக் குற்றம் என்கிறது. நோயுள்ள உருப்படியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் தடை இருக்கிறது. நோய் இருப்பதாகத் தெரிந்தால் தகவல் சொல்லும் கடமையை வளர்ப்பவரோடு ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. தலைவர் அவர்களே, புறம்போக்கில் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டாத இடத்தில் ஒரு குழியும், ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு மூட்டைச் சுண்ணாம்பும் போதும். நாய் தோண்டாத ஆழம் வேண்டும்.

கோழிகள் ஒரேயடியாகச் சாகும்போது வெள்ளைக்கழிச்சல்தான் என்று நாமாக முடிவு செய்யவும் கூடாது. பறவைக் காய்ச்சலும் கண்ணுக்கு இப்படித்தான் தெரியும். அது மனிதருக்கும் வரக்கூடியது. ஆய்வகத்தில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அன்று நான் செத்த கோழிகளை வெறுங்கையால் அள்ளினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சொல்லிவிட்டால் கோழியை விற்க முடியாதே என்று நான் பயந்தேன். அந்தப் பயத்தினால்தான் மேலத்தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது.

என் கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வெயிலில் போட்டிருக்கிறேன். ஆடி பிறக்கும் வரை புதுக்கோழி வாங்கப் போவதில்லை. ஊசி போடும் நாளில் மருந்துக் குப்பிகளை வைக்க என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் தருகிறேன். கீழத்தெருவில் வீடு வீடாகக் கோழிக் கணக்கு எடுக்கும் வேலையையும் நானே செய்கிறேன். மேலத்தெருவுக்கு ஒருவர் முன்வந்தால், கிராம சபைக்கு முன்பே மொத்தக் கணக்கைத் தலைவர் கையில் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கீழத்தெருவில் கோழி வளர்த்துவந்த ஒருத்தி