சாவியை அனுப்பி வை

அன்புள்ள ரவி,

பொங்கலுக்குப் பிறகு நான் எழுதவே இல்லை, கோபிக்காதே. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பஜனை மடத்துக்குக் கூரை ஏறிவிட்டது! 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் தெற்குப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போடலாம் என்றார்கள். நான் விடவில்லை. 2011-இல் ‘தானே’ புயல் அடித்த மறுநாள் உன் தாத்தா வைத்த பலா வேரோடு கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை விறகு விலைக்கு லாரியில் ஏற்றியபோது நாம் இருவரும் வாய் மூடி நின்றோம். அது இன்னும் என்னை அறுக்கிறது.

இந்தமுறை நம் மொட்டை இருக்கிறானே, அவன் வீட்டுப் பலா சாய்ந்ததும் ஓடிப்போய்க் கேட்டு வாங்கினேன். மூன்று மாதம் ஏரியில் ஊறப்போட்டு, அறுத்து, நிழலில் அடுக்கிக் காயவைத்தோம். உத்திரம் இரண்டும், நிலையும் அதில்தான். என்ன மஞ்சள் தெரியுமா!

பழைய கூரையின் பனங்கைகளை, அதுதான் பனைமரக் கைமரங்களை, பிரித்தபோது எனக்கே ஆச்சரியம். சுவருக்குள் ஈரம் இறங்கிய முனை மட்டும்தான் இற்றிருந்தது. மற்றபடி கறுத்து வைரம் பாய்ந்து, ஆணி இறங்க மறுத்தது. முனையை வெட்டியதில் நீளம் குறைந்தவை திண்ணைத் தாழ்வாரத்துக்குப் போயின. சுவருக்குள் போகும் முனைகளுக்கெல்லாம் பண்ருட்டி முந்திரித்தோட்டு எண்ணெய் பூசினோம், கரையான் அண்டாது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும். மொட்டை ஒரு வாரம் கத்தினான். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்களே, அது நல்லதுதான். அதனால்தான் பழைய கட்டை ஒவ்வொன்றும் எனக்குப் பொன்.

இப்போது உண்மையான காரணம். உன் வீட்டை இடிக்கப் பேசி முடித்துவிட்டாயாமே? மரத்தை மொத்தமாக ஒரு விலைக்குக் கேட்கிறார்களாம். பெரிய மனுஷன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அந்தக் கூடத்து உத்திரத்தில்தான் உன் அக்கா பிள்ளைக்குத் தூளி கட்டியது. இடிப்பது உன் இஷ்டம், ரவி. மரத்தை மட்டும் விற்காதே. அங்கன்வாடிக் கூரை அடுத்த மழைக்குத் தாங்காது.

சாவியை மொட்டையிடம் கொடுத்தனுப்பு. ஞாயிறு ஆசாரியைக் கூட்டிப்போய் ஒவ்வொரு கைமரமாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே.

உன்
செல்வம்