கோமுவுக்கு ஒரு காந்தள் கிழங்கு

கடையம்,
கார்த்திகை 10

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. பூத்த பிறகுதான் பதில் எழுதுவது என்று வைராக்கியமாக இருந்தேன். ஏட்டி, காந்தள் பூத்துவிட்டது! நம் வீட்டுக் கொல்லையில், கிணற்றடி முருங்கையைப் பிடித்து ஏறி, ஏழு பூ.

ராமநதிப் பக்கம் போகிற பாதையில் கள்ளிவேலி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி பிறந்தால் வேலி முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் கண்ணு வலிக்கும் என்று உன் ஆச்சி சொன்னதை நம்பி, நீ கையால் முகத்தை மூடி விரலிடுக்கில் பார்ப்பாய். அந்த வேலி இப்போது இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜேசிபி வைத்து வழித்து எறிந்துவிட்டு, கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது புரட்டிப் போட்ட மண்ணில் நாலைந்து கிழங்கு கிடந்தது. மனசு கேட்கவில்லை, முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

கலப்பைக் கிழங்கு என்கிற பேர் எவ்வளவு பொருத்தம் என்று கையில் எடுத்தால்தான் தெரிகிறது. இரண்டு கை விரித்து, கலப்பை மாதிரியே வளைந்திருக்கிறது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. அது தெரியாமல் மண் போகக் குழாயடியில் தேய்த்துக் கழுவி இரண்டைக் கெடுத்தேன். மிச்சத்தைத் தொட்டியில் வைத்து, கோடையிலும் தினம் தண்ணீர் ஊற்றினேன், அழுகிப் போயிற்று. ஒன்றே ஒன்றுதான் தப்பியது. கோடை முழுக்க அது தூங்க வேண்டும் கோமு, சொட்டுத் தண்ணீர் கூடாது. நாம் பாசத்தில் ஊற்றுவதுதான் அதற்கு எமன்.

இந்த வருஷம் ஆனியில் செம்மண்ணும் மணலும் கலந்து, இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கை வசமாக வைத்தேன். சாரல் பிடித்து மூன்று வாரத்தில் ஈட்டி மாதிரி முளை வந்தது. கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலை நுனியே நீண்டு, சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நாள் காலையில் துணிக்கொடியில் காய்ந்த என் சேலை நூலைப் பிடித்திருந்தது. அவிழ்க்க மனசில்லாமல் மத்தியானம் வரை அப்படியே விட்டுவிட்டேன்.

மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்குகிறது. விரியும்போது ஆறு இதழும் நெளிநெளியாக மேல்நோக்கி மடங்குகின்றன. முதலில் மஞ்சள், அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்குகிறது. நாளாக ஆக முழுக்கச் செக்கச்செவேல். பெண்ணின் விரலுக்குக் காந்தளை ஒப்பிட்ட சங்கப் புலவர்கள் இதை எவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்! இது நம் மாநிலப் பூ என்று புஸ்தகத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கின்றன. ஆனால் கொல்லைக்கு வந்த பக்கத்துத் தெருப் பிள்ளைகளில் ஒன்றுகூட இதை நேரில் பார்த்ததில்லை. எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். செடி முழுக்க விஷம், கிழங்கும் விதையும் கடும் விஷம். உன் வீட்டுக்காரருக்குக் கால் பெருவிரல் வீக்கத்துக்கு டாக்டர் கொடுத்தாரே கோல்ச்சிசின் மாத்திரை, அந்தச் சரக்குதான் இதிலும் இருக்கிறது. சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றால் உயிர் போய்விடும். பேரப்பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வை, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு.

உன் மகள் கல்யாணம் தையில்தானா? நான் நிச்சயம் வருவேன். அதற்குள் கொடி காய்ந்து, பழைய கிழங்கு சுருங்கி, பக்கத்தில் புதுசு உருவாகியிருக்கும். தோண்டி, முளையைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவருகிறேன். ஆனி வரை காய்ந்த மணலில் போட்டு வை. காட்டில் போய்த் தோண்டவோ யாரிடமும் சொல்லித் தோண்டவோ வேண்டாம், ஏற்கெனவே மருந்துக்கென்று அள்ளி அள்ளி அங்கேயும் குறைந்துவிட்டது.

உங்கள் மாடியில் காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? அதை மட்டும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சங்கரி