நார்மண்டியில் மக்களும் இருந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சை மீட்க, நேச நாட்டுப் படைகள் அதன் வடகரையான நார்மண்டியில் இறங்கியது பற்றி ஜூன் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஐந்து கடற்கரைகள், ஒரே நாளில் வந்திறங்கிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், அரோமாஞ்சில் கட்டிய செயற்கைத் துறைமுகம் எல்லாம் விவரமாக இருந்தன. ஆனால் அந்த மண்ணில் குடியிருந்தவர்கள் யாரையும் கட்டுரையில் காணோம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டி வெறும் மணலும் முள்கம்பியுமாக இருந்ததுபோலப் படுகிறது. அந்த மனக்குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் அக்காள் மகள் கான் நகரில் இருக்கிறாள். திரைப்பட விழா நடக்கும் கான் தெற்கே மத்தியதரைக் கடலோரம் இருப்பது. இது வடக்கே, ஓர்ன் ஆற்றங்கரை ஊர். அவள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். இருந்தும் அந்த ஊரின் கல்லைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பல விஷயங்கள் எனக்குப் பிடிபட்டன.

வெளிர் மஞ்சள் நிறச் சுண்ணாம்புப் பாறைக் கல் அது. ஊருக்கு அடியிலேயே கிடக்கிறது. வடக்கிலிருந்து கப்பலில் வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளின் தலைவன் ரோலோவுக்கு, 911இல் பிரெஞ்சு அரசர் மூன்றாம் சார்லஸ் சேன் ஆற்றின் கழிமுகப் பகுதியைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். வடக்கத்தியர் நாடு என்பதுதான் நார்மண்டி என்ற பெயருக்கே பொருள். ரோலோவின் வழியில் ஃபலேஸ் கோட்டையூரில் பிறந்த வில்லியம், 1066இல் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தின் அரசரானார். கானில் ஆண் துறவிகளுக்கு அவரும் பெண் துறவிகளுக்கு அவர் மனைவி மெட்டில்டாவும் ஆளுக்கொரு மடாலயம் கட்டினார்கள். இரண்டும் இந்தக் கல்தான். லண்டன் கோபுரத்துக்கும் கேன்டர்பரி பேராலயத்துக்கும் இதே கல் கப்பலேறிப் போயிருக்கிறது.

இப்படி இங்கிலாந்து அரசர்கள் கையில் இருந்த நார்மண்டி 1204இல் பிரெஞ்சு அரசர் கைக்குத் திரும்பியது. ஆனால் இங்கிலாந்து விட்டபாடில்லை. இரு நாடுகளும் மோதிய நூற்றாண்டுப் போரில் 1346இல் மூன்றாம் எட்வர்டின் படை கானைச் சூறையாடியது. 1417இல் ஐந்தாம் ஹென்றி வந்து பிடித்தார். அங்குள்ள பல்கலைக்கழகம்கூட 1432இல் ஆங்கிலேய ஆட்சி நிறுவியதுதான். 1450இல் ஃபோர்மிஞி போரில் தோற்ற பிறகே அவர்கள் நார்மண்டியை விட்டுப் போனார்கள். 1944இல் எதிர்க் கரையிலிருந்து படை வந்தபோது, அந்த ஊர்க்காரர்களுக்கு அது முதல் அனுபவம் இல்லை. கட்டுரை இதை இரண்டு வரியிலாவது தொட்டிருக்கலாம்.

சரி, 1944க்கு வருகிறேன். முதல் நாளே கானைப் பிடித்துவிட வேண்டும் என்பது பிரிட்டன், அமெரிக்கா முதலான நேச நாடுகளின் திட்டம். ஜெர்மன் டாங்கிகள் கடற்கரைக்கு வரும் சாலைகள் அந்த ஊர் வழியாகப் போவதால், அவற்றை அடைக்க ஜூன் 6 பகலிலும் அன்றிரவிலும் குண்டு போட்டார்கள். ஊர் கைக்கு வரவில்லை. ஜூன் 9 அன்று புனித பீட்டர் ஆலயத்தின் இடைக்காலக் கூர்கோபுரம் பீரங்கிக் குண்டுபட்டுச் சரிந்தது. ஜூலை 7 மாலை நானூறுக்கும் மேற்பட்ட பெரிய விமானங்கள் மறுபடி வந்தன. ஆங்கிலேயர் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகம் ஆங்கிலேயர் குண்டிலேயே எரிந்துபோனது. ஊரின் வடபாதி ஜூலை 9 அன்றும் ஆற்றுக்குத் தெற்கே உள்ள பகுதி ஜூலை 19 அன்றும்தான் மீட்கப்பட்டன. அதற்குள் கானில் மட்டும் ஏறத்தாழ 2,000 பொதுமக்கள் செத்திருந்தார்கள். அந்தக் கோடையில் நார்மண்டி முழுவதும் இறந்த பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பது வரலாற்றாளர்கள் கணக்கு. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை விடுதலை செய்ய வந்தவர்களின் குண்டுகள். கட்டுரையில் எங்குமே இல்லாத எண் இது.

மிச்சமிருந்தவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? ஆயிரக்கணக்கானோர் வில்லியமின் மடாலயத்துக்குள் போய்ப் படுத்தார்கள். அவர் கல்லறையைச் சுற்றி வைக்கோல் பரப்பி, குழந்தைகளும் கிழவர்களுமாக வாரக்கணக்கில் கிடந்தார்கள். கூரைமேல் வெள்ளை விரிப்பில் சிவப்புச் சிலுவை போட்டு விமானங்களுக்குக் காட்டினார்கள். மடாலயம் தப்பியது. இன்னும் ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் தெற்கே ஃப்ளூரியில் உள்ள பழைய கல்குவாரிகளுக்குள் இறங்கினார்கள். கோயில் கட்ட வெட்டிய சுரங்கங்களில், ஈரமும் இருட்டுமாக, மாடு கன்றுகளோடு ஒரு மாதத்துக்கும் மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொத்திய கல்லும் அதைத் தோண்டிய குழியுமாகச் சேர்ந்து ஒரு ஊரைக் காப்பாற்றியிருக்கின்றன. மடாலயத்துக்குள் அந்தக் கல்லறைப் பலகை முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இன்னொன்று. வில்லியம் கட்டிய கோட்டை அந்த நகரின் நடுவில் மேடாக நிற்கிறது. போருக்கு முன் அதன் மதில்களை ஒட்டி வீடுகள் நெருங்கிக் கிடந்ததால் கோட்டை சரியாகத் தெரியாதாம். அந்த வீடுகள் நொறுங்கிய பிறகுதான் மதில் முழுதாக வெளியே தெரிந்தது. இன்று நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் புல்வெளிச் சரிவில் ஒரு காலத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது.

அப்புறம் ஒரு திருத்தம். பெட்டிச் செய்தியில், கானுக்கு அருகிலுள்ள பாயூ ஊரின் புகழ்பெற்ற திரைச்சீலையை ‘நெய்தது’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தறியில் நெய்ததல்ல, லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட பூத்தையல். நீளம் கிட்டத்தட்ட 70 மீட்டர். வில்லியமின் படையெடுப்பு, அந்த ஆண்டு வானில் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரம் உட்பட எல்லாம் தையலில் இருக்கிறது. 1944 ஆகஸ்டில் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லரின் ஆட்கள் அதை எடுத்துப்போக பாரிசுக்கு வந்தார்கள். அது வைக்கப்பட்டிருந்த லூவர் அருங்காட்சியகம் அதற்குள் பிரெஞ்சு எதிர்ப்புப் படையினர் கைக்குப் போய்விட்டதால் தப்பியது.

அதே பாயூவில் பிரிட்டிஷ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 4,600க்கும் மேற்பட்ட கல்லறைகள், அவற்றில் சில நூறு ஜெர்மானியருடையவை. எதிரே உள்ள நினைவு மண்டபத்தில் லத்தீனில் ஒரு வரி: ‘வில்லியமால் வெல்லப்பட்ட நாங்கள், வென்றவனின் தாய்மண்ணை விடுவித்தோம்.’ படித்தவுடன் நெஞ்சு நெகிழ்ந்தது உண்மை. அந்த வீரர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. நாஜிகளிடமிருந்து ஐரோப்பாவை மீட்க வேறு வழி இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் விடுவிக்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வரி வேண்டாமா?

வில்லியம் பிறந்த ஃபலேஸும் அந்த ஆகஸ்டில் பெரும்பகுதி இடிந்தது. 2016இல் அங்கே போர்க்காலப் பொதுமக்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அடுத்த ஜூன் இதழில் அதைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கான் குவாரிகளில் நான் எடுத்த படங்கள் சில இருக்கின்றன. தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மயிலாடுதுறை